லோ-இ கண்ணாடிப் பூச்சில் குறை: அறிகுறியிலிருந்து காரணத்தைத் தேடுவது எப்படி?

கோட்டரிலிருந்து, அதாவது கண்ணாடியில் லோ-இ (குறைந்த உமிழ்திறன்) பூச்சைப் படிய வைக்கும் இயந்திரத்திலிருந்து, வெளிவரும் பலகை அளவீட்டில் தவறியதும், பெரும்பாலானவர்கள் முதலில் கை வைப்பது பவர் அமைப்பில்தான். வெள்ளி டார்கெட்டுக்கு (பூச்சுக்கான பொருளைத் தரும் மூலம்) கொஞ்சம் பவர் கூட்டுவார்கள், அல்லது நைட்ரஜனைச் சற்றுக் குறைப்பார்கள். எண் சரியாகிவிடும். காரணம் மட்டும் அப்படியே இருக்கும்; அடுத்த ஷிப்டில் இன்னும் பெரிதாகத் தலைகாட்டும். அந்தப் பழக்கம் போக வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். குறை பலகையில் எங்கே இருக்கிறது, எந்தத் திசையில் ஓடுகிறது, எத்தனை சென்டிமீட்டருக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்ற மூன்றையும் பதிவேட்டில் எழுதிய பிறகே எந்தக் குமிழையும் திருப்புங்கள்.

இங்கே பேசுவது பெரும்பாலும் வெற்றிடத்தில் பூசப்படும் ஒற்றை வெள்ளி லோ-இ கண்ணாடியைப் பற்றி. மிதவைக் கண்ணாடி (உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்யும் தட்டைக் கண்ணாடி) உருவாகும் வரிசையிலேயே சூடாகப் பூசப்படும் வகைக்குப் பிற்பகுதியில் சிறு இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் அடுக்குகள்

பூச்சில்லாத கண்ணாடியின் உமிழ்திறன் 0.84 அளவில் இருக்கும். அதாவது வெப்பக் கதிர்வீச்சைத் தாராளமாக வெளியிடும். அதன்மேல் 10 முதல் 15 நானோமீட்டர் தடிமனில் வெள்ளி படிந்தால் உமிழ்திறன் 0.05-க்கும் கீழே இறங்கலாம். இரண்டு 4 மி.மீ. கண்ணாடிகளுக்கு நடுவே 16 மி.மீ. காற்று இடைவெளி விட்டால் யூ மதிப்பு (ஒரு சதுர மீட்டர் வழியே, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்ற எண்) 2.8-ஐ ஒட்டி இருக்கும். ஒரு கண்ணாடியில் வெள்ளிப் பூச்சும் இடைவெளியில் ஆர்கானும் இருந்தால் அதே அமைப்பு 1.1-க்கு வந்துவிடும். இவ்வளவு பெரிய வித்தியாசத்தில் பெரும்பகுதியைத் தருவது கண்ணுக்கே தெரியாத அந்த ஓர் அடுக்கு.

வெள்ளியைத் தனியாக விட்டால் தாங்காது. அதனால் கண்ணாடிக்கு மேலே முதலில் சிலிக்கன் நைட்ரைடு வரும். கண்ணாடியிலிருந்து சோடியம் மேலே ஏறாமல் தடுப்பது அதன் வேலை. அடுத்து துத்தநாக ஆக்சைடு, வெள்ளி சீராகப் படிய இடம் கொடுக்கிறது. அதன்மேல் வெள்ளி. வெள்ளியின் தலைக்கு மேல் ஒன்றிரண்டு நானோமீட்டர் நிக்கல்-குரோமியம். அடுத்த ஆக்சைடைப் படிய வைக்கும்போது ஆக்சிஜன் வெள்ளியைத் தாக்காமல் இது தன்னைக் கொடுத்துக் காக்கிறது. பிறகு இன்னொரு ஆக்சைடு அடுக்கு, கடைசியாக மறுபடியும் சிலிக்கன் நைட்ரைடு. ஒவ்வொரு தயாரிப்பிலும் சிறு மாற்றங்கள் இருக்கும், ஆனால் எலும்புக்கூடு இதுதான்.

6 மீட்டர் நீளமும் 3.21 மீட்டர் அகலமும் கொண்ட பலகை வாஷரில் கழுவப்பட்டு, பூட்டு அறை வழியாக வெற்றிடத்துக்குள் போகிறது. உள்ளே ஒரு மில்லிபாரின் ஆயிரத்தில் சில பங்கு அழுத்தத்தில் ஆர்கான் பிளாஸ்மா (மின்னேற்றம் பெற்று ஒளிரும் வாயு) எரிகிறது. ஆர்கான் அயனிகள் டார்கெட்டை மோதி அணுக்களைப் பெயர்க்க, அவை கீழே ஓடும் கண்ணாடியில் படிகின்றன. கண்ணாடி நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் குறையின் திசை இவ்வளவு பேசுகிறது: ஓட்டத் திசையில் நீளும் குறை ஓரிடத்தில் நிலையாக நிற்கும் பொருளிலிருந்து வருகிறது, அகலவாக்கில் பட்டை பட்டையாக வருவது நேரத்தோடு மாறும் ஒன்றிலிருந்து வருகிறது.

அறிகுறி: பரப்பு மின்தடை ஏறுகிறது

பரப்பு மின்தடை என்பது படலத்தின் ஒரு சதுரத் துண்டின் மின்தடை. இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும், ஏனென்றால் உமிழ்திறனை நேரடியாக அளக்காமலேயே இது காட்டிக்கொடுத்துவிடும். மெல்லிய வெள்ளிப் படலத்துக்கு ஒரு எளிய கணக்கு உண்டு: சதுரத்துக்கு இத்தனை ஓம் என்ற எண்ணை 0.0106-ஆல் பெருக்கினால் உமிழ்திறன் கிட்டத்தட்ட வந்துவிடும். 4 ஓம் என்றால் 0.04. அது 6 ஓம் ஆகிவிட்டால் 0.06-ஐத் தாண்டிவிட்டோம்.

மின்தடை ஏறியதும் ஒளி கடத்தலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து ஏறினால் வெள்ளி மெலிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். டார்கெட் தேய்மானம், பவர் சப்ளையில் அடிக்கடி வில்பொறி வந்து வெட்டுவது, கண்ணாடியின் வேகம் கூடியது ஆகிய மூன்றையும் சரிபாருங்கள். இந்த நிலைமையில் பவர் கூட்டுவது நியாயம்.

மின்தடை ஏறி, ஒளி கடத்தல் குறைந்தால் கதை வேறு. வெள்ளி போதிய அளவு இருக்கிறது, ஆனால் கெட்டுப்போயிருக்கிறது. இப்போது பவர் கூட்டினால் மின்தடை இறங்கும், நிறம் நகர்ந்துவிடும், கெட்ட வெள்ளியின் மேல் இன்னும் கொஞ்சம் கெட்ட வெள்ளி சேரும். தேட வேண்டியது வெள்ளியைக் கெடுத்தது யார் என்று.

முதல் சந்தேகம் தண்ணீர். வாயு விநியோகத்தை நிறுத்தி, வெள்ளி அறையின் அடிப்படை வெற்றிடத்தில் எச்ச வாயுப் பகுப்பாய்வியை (மிச்சமிருக்கும் வாயுக்களை மூலக்கூறு நிறை எண்ணாகக் காட்டும் கருவி) பாருங்கள். நிறை 18 மட்டும் தலைதூக்கி நின்றால் நீராவி. 28-உம் (நைட்ரஜன்) 32-உம் (ஆக்சிஜன்) ஏறத்தாழ நாலுக்கு ஒன்று என்ற விகிதத்தில் சேர்ந்து நின்றால் வெளிக்காற்று உள்ளே கசிகிறது. ஹீலியம் கசிவுக் கருவியை எடுத்துக்கொண்டு மூடிகளின் ஓ-ரிங்குகள், டார்கெட் முனைகள், வாயுக் குழாய் இணைப்புகள் என்று வரிசையாகப் போங்கள். 18 மட்டும் இருந்து, நாள் போகப் போகக் குறையாமல் நின்றால் குளிர்விக்கும் தண்ணீர் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு நீர்வழியையும் ஒவ்வொன்றாக அடைத்துப் பார்த்தால் பிடித்துவிடலாம். மெதுவான வேலைதான், ஆனால் இதற்குக் குறுக்குவழி கிடையாது.

18 உயர்ந்து தொடங்கி, மணிக்கணக்கில் மெல்ல இறங்கிக்கொண்டே வந்தால் கசிவு அல்ல, அறையைத் திறந்தபோது சுவர்கள் குடித்த ஈரம். சேம்பர் ஷீல்டுகளில் (சுவர்களைக் காக்க அறைக்குள் மாட்டும் தகடுகள்) படிந்த பழைய பூச்சு பஞ்சைப் போலத் துளை நிறைந்தது. ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். சென்னை மாதிரி கடலோர ஊரில், ஐப்பசி கார்த்திகை மழையில் பராமரிப்புக்காக அறையைத் திறந்தால் இந்தத் தொல்லை நிச்சயம். உலர்ந்த காற்று அல்லது நைட்ரஜன் கொண்டு அறையை நிரப்பித் திறவுங்கள். திறந்திருக்கும் நேரம் முழுவதும் சுவர்க் குழாய்களில் குளிர்நீருக்குப் பதில் வெந்நீரை ஓட விடுங்கள், சுவர் வியர்க்காது. ஷீல்டுகளைச் சுத்தம் செய்து தயாராக வைத்திருந்து, திறந்ததும் மாற்றி உடனே மூடுங்கள். அறைக்குள் வைத்துச் சுரண்டிக்கொண்டிருப்பது நேரத்தையும் ஈரத்தையும் ஒன்றாகச் சேர்க்கும்.

இரண்டாவது சந்தேகம் பக்கத்து வீட்டு ஆக்சிஜன். வெள்ளி அறைக்கு இருபக்கமும் ஆக்சைடு அறைகள் இருக்கின்றன. நடுவிலுள்ள குறுகிய சுரங்கமும் பம்புகளும்தான் வேலி. ஆக்சைடு அறையின் ஆக்சிஜன் வரத்தைச் சில நிமிடம் நிறுத்திவிட்டு வெள்ளி அறையில் நிறை 32 இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் நடுவிலுள்ள டர்போ பம்புகளில் ஏதோ ஒன்று வேகம் குறைந்திருக்கும், அல்லது சுரங்கத் தடுப்பு விலகியிருக்கும்.

மூன்றாவது, வெள்ளிக்குக் கீழேயும் மேலேயும் இருக்கும் காவலர்கள். அடியிலுள்ள துத்தநாக ஆக்சைடு மெலிந்தாலோ படிகம் சரியாக அமையாவிட்டாலோ வெள்ளி பரவாது. எண்ணெய் தடவிய தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் முத்து முத்தாக உருளுவதுபோல, தீவுகளாகத் திரளும். தீவுக்கும் தீவுக்கும் இடையே மின்சாரம் ஓட வழியில்லை, மின்தடை எகிறும். மேலேயுள்ள நிக்கல்-குரோமியம் மெலிந்தால் அடுத்த அறையின் ஆக்சிஜன் பிளாஸ்மா நேராக வெள்ளியில் இறங்கும். இதைச் சோதிக்க நிக்கல்-குரோமியத்தைச் சிறிது கூட்டி ஒரு பலகை ஓட்டுங்கள்: மின்தடை சட்டென்று இறங்கினால் காரணம் இங்கேதான். ஆனால் அப்படியே விட்டுவிடக் கூடாது, அது ஒளியைத் தின்னும் உலோகம். சரியான அளவைத் தேடித்தான் நிறுத்த வேண்டும்.

அறிகுறி: நிறம் சாய்கிறது

கட்டடத்தின் முகப்பில் இரண்டு பலகைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது ஒன்று பச்சை, ஒன்று ஊதா என்று தெரிந்தால் வாடிக்கையாளர் யாரும் மன்னிக்க மாட்டார். சிறு நிற வித்தியாசம்கூடக் கண்ணுக்குப் பிடிபடும், அதனால் இங்கே சகிப்புக்கு இடம் குறைவு.

மின்தடை மாறாமல் நிறம் மட்டும் மாறியிருந்தால் வெள்ளியை விட்டுவிடுங்கள். கண்ணாடிக்கும் வெள்ளிக்கும் நடுவிலோ, வெள்ளிக்கு மேலேயோ இருக்கும் ஒளிபுகு அடுக்குகளில் ஒன்று தடிமன் மாறியிருக்கிறது. எது என்று யூகிக்காதீர்கள். நல்ல ஒரு நாளில், ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாகச் சிறிது கூட்டி ஒரு பலகை வீதம் ஓட்டி, கண்ணாடிப் பக்கமும் பூச்சுப் பக்கமும் நிற அளவு எப்படி நகர்கிறது என்று அட்டவணை போட்டு வையுங்கள். கெட்ட நாளில் அந்த அட்டவணையோடு ஒப்பிட்டால் எந்த அடுக்கு என்று அதுவே சொல்லிவிடும். ஒரு கோட்டருக்கு இதைவிடப் பயனுள்ள காகிதம் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

நிறம் இடமிருந்து வலமாகச் சாய்ந்தால், அகலவாக்கில் வாயு சமமாகப் பரவவில்லை. நடு, இடம், வலம் என்று பிரிந்த வாயுக் குழாய்களில் ஒன்றின் துளைகள் அடைபட்டிருக்கலாம். டார்கெட்டுக்குள் இருக்கும் காந்தப் பட்டையின் உயரம் ஒரு பக்கம் விலகியிருக்கலாம். முதலில் வாயுவைச் சரிபாருங்கள், காந்தத்தைத் தொட அறையைத் திறக்க வேண்டியிருக்கும்.

நிறம் மணிக்கணக்கில் மெல்ல நகராமல் திடீரென்று குதித்தால் டார்கெட் நஞ்சேறிவிட்டது. உலோக டார்கெட்டில் ஆக்சிஜன் அதிகமானால் டார்கெட்டின் மேற்பரப்பே ஆக்சைடாகி, படியும் வேகம் சரிந்துவிடும். ஆக்சிஜனைப் பழைய அளவுக்குக் குறைத்தாலும் அது உடனே மீளாது, நன்றாகக் கீழே இறக்கிய பிறகுதான் உலோக நிலைக்குத் திரும்பும். ஏறும் வழி ஒன்று, இறங்கும் வழி இன்னொன்று என்பதால்தான் கையால் வாயுவை விரட்டிக்கொண்டிருப்பவர்கள் களைத்துப்போகிறார்கள். பிளாஸ்மாவின் ஒளியைப் பார்த்து வாயுவைத் தானே திருத்தும் கட்டுப்பாடு இருந்தால், அதன் ஒளி உணர்வியின் கண்ணாடி மூடியை முதலில் துடையுங்கள். அதில் பூச்சு படிந்து மங்கியிருந்தால் கட்டுப்பாடு தவறான திசையில் உழைத்துக்கொண்டிருக்கும்.

அகலவாக்கில் பட்டை பட்டையாக, ஒரே இடைவெளியில் வந்தால் சந்தோஷப்படுங்கள். இதைக் கண்டுபிடிப்பது எளிது. உருளை டார்கெட்டுகள் சுழல்கின்றன. ஒன்று மையம் விலகியிருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பட்டை விழும். கண்ணாடி நிமிடத்துக்கு 6 மீட்டர் ஓடி, டார்கெட் நிமிடத்துக்கு 10 சுற்று சுற்றினால் பட்டைகளின் இடைவெளி 60 செ.மீ. அளந்த இடைவெளியைக் கொண்டு கணக்குப் போடுங்கள். எல்லா டார்கெட்டும் ஒரே வேகத்தில் சுழன்றால், ஒவ்வொன்றின் வேகத்தையும் தனித்தனியாக மாற்றிப் பாருங்கள். எதை மாற்றும்போது பட்டை இடைவெளி மாறுகிறதோ அதுதான் ஆள்.

அறிகுறி: ஊசித்துளைகளும் புள்ளிகளும்

பலகையைப் பின்னாலிருந்து வலுவான விளக்கில் பாருங்கள். ஒளி பளிச்சென்று கடந்துவரும் சிறு துளை என்றால், பூச்சு விழும் நேரத்தில் அங்கே ஒரு துகள் உட்கார்ந்திருந்து, பிறகு விழுந்துபோயிருக்கிறது. மேலே கறுப்பாக ஒட்டியிருந்து மெதுவாகத் துடைத்ததும் போய்விட்டால், பூச்சுக்குப் பிறகு வந்த தூசி. அதைப் பற்றிப் பதற வேண்டாம்.

துளைகள் பலகை முழுவதும் சிதறியிருந்தால் வாஷர் பக்கம் போங்கள். பலகைகளுக்கு நடுவே ஒட்டாமலிருக்கத் தூவும் பொடி முழுதாகப் போகவில்லை என்பது அடிக்கடி காரணமாகிறது. துளைகள் ஒரே நேர்க்கோட்டில், பலகைக்குப் பலகை அதே இடத்தில் வந்தால் அதற்கு நேர் மேலே ஒரு ஷீல்டு உரிந்துகொண்டிருக்கிறது. சிலிக்கன் நைட்ரைடு தடித்துப் படிந்த ஷீல்டுகள் சூடாகி ஆறும்போது செதில் செதிலாகக் கழன்று விழும். டார்கெட்டின் வில்பொறி எண்ணிக்கையையும் பாருங்கள். அது ஏறிக்கொண்டே போனால் டார்கெட்டில் முடிச்சுகள் வளர்ந்திருக்கின்றன. ஒவ்வொரு பொறியும் துகள்களை வாரி இறைக்கும். இந்த நிலையில் உற்பத்தியை இழுத்துக்கொண்டே போவது வீண், ஷீல்டு மாற்றத்தை முன்னுக்குக் கொண்டு வாருங்கள்.

அறிகுறி: கோடு, கறை, நிழல்

பூச்சுக்குப் பிறகு வட்டமான நிழல் ஒன்று தெரிந்து, அதன் அளவு உறிஞ்சு கப்பின் அளவோடு பொருந்தினால் மேலே விவாதம் வேண்டாம். கப்பின் ரப்பர் விட்ட சுவடு வாஷரில் போகவில்லை.

நீளக் கோடு என்றால் வாஷரின் பிரஷ்ஷும், காற்றை வேகமாக வீசி உலர்த்தும் காற்றுக் கத்தியும்தான். பூசாத பலகையை வாஷருக்குப் பிறகு எடுத்து அதன்மேல் வாயால் ஊதுங்கள். சுத்தமான இடத்தில் ஆவி சீராகப் படியும், கறை இருக்கும் இடம் தனியாகத் தெரியும். இந்த எளிய சோதனை பல மணி நேரத் தேடலை மிச்சப்படுத்தும். கழுவும் கடைசித் தண்ணீரின் மின்கடத்துத்திறன் சில மைக்ரோசீமென்ஸைத் தாண்டினால் உலர்ந்த துளிகள் உப்பு வளையங்களாக நிற்கும்.

கறை வாஷரால் போகவே இல்லையென்றால் கண்ணாடி பழையது. ஈரத்தில் கிடந்த கண்ணாடியிலிருந்து சோடியம் வெளியேறி மேற்பரப்பையே அரித்திருக்கும். சீரியம் ஆக்சைடு கொண்டு மெருகேற்றினால் இலேசானவை தேறும், ஆழமானவை தேறாது. பூச்சுக்குக் கொடுக்கும் கண்ணாடி புதிதாக இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கூடவே, எந்தப் பக்கம் பூசுகிறீர்கள் என்பதையும் உறுதிசெய்யுங்கள். மிதவைக் கண்ணாடி உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதந்து உருவானது. 254 நானோமீட்டர் புறஊதா விளக்கில் வெள்ளீயம் பட்ட பக்கம் பால் நிறத்தில் ஒளிரும். பூச்சு அதன் எதிர்ப்பக்கத்தில் இருக்க வேண்டும்.

அறிகுறி: டெம்பரிங்குக்குப் பிறகு மங்கல்

கோட்டரிலிருந்து நன்றாகப் போன பலகை, டெம்பரிங்கில் (கண்ணாடியைச் சூடாக்கிச் சட்டென்று ஆற்றி வலுவாக்குவது) 620 டிகிரிக்கு மேலே சூடாகி வந்ததும் பனி படர்ந்ததுபோல் நிற்கிறது. கோட்டர்க்காரர் உலையைச் சொல்வார், உலைக்காரர் கோட்டரைச் சொல்வார். மங்கலின் வடிவத்தை வைத்துத் தீர்த்துக்கொள்ளலாம்.

முதல் கேள்வி: அது டெம்பரிங் தாங்கும் வகைதானா? தாங்காத வகையை உலையில் விட்டால் வெள்ளி திரண்டு பூச்சு முடிந்துவிடும். டெம்பரிங் செய்தே தீர வேண்டிய வகைகளும் உண்டு. அவை உலையிலிருந்து வந்த பிறகுதான் சரியான நிறத்துக்கும் மின்தடைக்கும் வரும். லேபிளைப் படியுங்கள்.

மங்கல் பலகை முழுவதும் ஒரே சீராக இருந்தால் கோட்டரைப் பாருங்கள். அடியிலுள்ள சிலிக்கன் நைட்ரைடு மெலிந்து சோடியம் ஏறியிருக்கலாம், நிக்கல்-குரோமியம் குறைந்திருக்கலாம். அதே தொகுதியிலிருந்து ஒரு துண்டை ஆய்வக உலையில் சுட்டால் தெரிந்துவிடும். துண்டு தெளிவாக வந்தால் குற்றம் உற்பத்தி உலையில்.

கைரேகை வடிவில், கப் வடிவில், சொட்டு வடிவில் மங்கல் வந்தால் உலைக்கு முன் கையாண்டவர்களிடம் போங்கள். வியர்வை உப்பும் வெட்டும் எண்ணெயும் சூட்டில் வெள்ளியைத் தாக்கும். சுத்தமான கையுறை, ஆவியாகிவிடும் வெட்டு எண்ணெய், மென்மையான பிரஷ் கொண்ட வாஷர், பூச்சுப் பக்கம் மேலே: இவை மாறக் கூடாது. வாஷருக்குள் பலகையை நிறுத்திவைப்பதும் கூடாது.

பலகையின் நடுவில் ஓட்டத் திசையில் வெண்கோடு விழுந்தால் வளைவு. லோ-இ பூச்சு மேலிருந்து வரும் வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்பிவிடும், அடிப்பக்கம் முந்திச் சூடாகி நீளும், ஓரங்கள் தூக்கிக்கொள்ளும், முழு எடையும் நடுவில் ரோலரில் இறங்கும். மேல் ஹீட்டரை இன்னும் கூட்டுவது பெரிதாக உதவாது. மேலிருந்து சூடான காற்றை வீசும் உலைதான் தேவை. அது இல்லாவிட்டால் கீழ் வெப்பத்தைக் குறைத்து, உலையில் இருக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். ரோலருக்காகக் கந்தக டை ஆக்சைடு விடும் உலையானால் வெள்ளிப் பூச்சு ஓடும்போது அதை நிறுத்திவிட வேண்டும். கந்தகமும் வெள்ளியும் எப்படிப் பழகும் என்பது கறுத்த கொலுசைப் பார்த்த எல்லோருக்கும் தெரியும்.

வரிசையிலேயே பூசப்படும் வகையில்

இங்கே வெள்ளி இல்லை. மிதவைத் தொட்டியில் கண்ணாடி 600 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்போதே ஆவிகளை ஊதி, ஃபுளோரின் கலந்த வெள்ளீய ஆக்சைடைப் படிய வைக்கிறார்கள். உமிழ்திறன் 0.15 அளவில் நிற்கும்; வெள்ளிப் பூச்சுக்கு ஈடாகாது, ஆனால் உறுதியானது, கையாள எளிது. வானவில் நிறம் தெரிந்தால் அடியிலுள்ள நிறம் தணிக்கும் அடுக்கின் தடிமனைப் பாருங்கள். ஓட்டத் திசையில் கோடு விழுந்தால் ஊதும் வாயிலில் தூள் அடைத்திருக்கிறது. பூச்சின்மேல் பென்சில் கோடுபோல் சாம்பல் தடம் இருந்தால் பூச்சு கெடவில்லை, ஏதோ ஒரு உலோகம் உரசித் தன்னை விட்டுச் சென்றிருக்கிறது.

அறிகுறி: பொருத்திய பிறகு ஓரத்திலிருந்து புள்ளி

இரட்டைக் கண்ணாடி ஆனபின் ஓரத்திலிருந்து உள்நோக்கிப் புள்ளிகள் நகர்ந்தால், விளிம்பில் பூச்சு சரியாகச் சீவப்படவில்லை. ஸ்பேஸரும் (கண்ணாடிகளுக்கு நடுவே இடைவெளி விடும் பட்டை) சீலன்ட்டும் (விளிம்பை மூடும் பசை) உட்காரும் இடத்தில் வெள்ளி இருக்கவே கூடாது. இருந்தால் ஈரம் அதன் வழியே நடந்து உள்ளே போகும். பூச்சு போன இடத்தில் மல்டிமீட்டர் வைத்தால் மின்சாரம் ஓடக் கூடாது. மூலைகளில் கண்டிப்பாகப் பாருங்கள், சீவும் சக்கரம் தேய்ந்தால் முதலில் விட்டுப்போவது அங்கேதான்.

அறிகுறி: "வெயில் அப்படியேதான் இருக்கிறது"

இந்தப் புகார் வந்தால் ஒரு லைட்டரோடு போங்கள். இரட்டைக் கண்ணாடிக்கு முன் சுடரைப் பிடித்தால் நான்கு பரப்புகளிலிருந்தும் நான்கு பிம்பங்கள் தெரியும். பூச்சுள்ள பரப்பின் பிம்பம் மட்டும் வேறு நிறத்தில் இருக்கும். வெளியிலிருந்து எண்ணினால் வெயிலைத் தடுக்கும் பூச்சு இரண்டாவது பரப்பில் இருக்க வேண்டும். மூன்றாவதில் இருந்தால் பலகை தலைகீழாகப் பொருத்தப்பட்டிருக்கலாம், அல்லது குளிர்நாட்டுக்கு, வெயிலை உள்ளே விட்டு வீட்டுச் சூட்டைப் பிடித்துவைக்கும் வகை வந்து சேர்ந்திருக்கலாம். இரண்டாவதிலேயே இருந்தால் ஆர்டரைப் பாருங்கள். யூ மதிப்பை மட்டும் எழுதி வாங்கி, சூரிய வெப்பக் காரணியை (வெயில் வெப்பத்தில் எவ்வளவு உள்ளே வருகிறது என்ற எண்) கேட்காமல் விட்டிருந்தால், கண்ணாடி சொன்னபடிதான் வேலை செய்கிறது. மேற்குச் சுவரின் அந்தச் சன்னலுக்கு வாங்கியிருக்க வேண்டியது வேறு வகை.